காந்தக் கறை: தீவகத்துத் தொலைக்காட்சி வரலாற்றில் எழுதப்படாத ஒரு பகுதி

தீவகத்திலே தொலைக்காட்சி பரவிய வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் ஒளிபரப்பு நிலையங்களின் தொடக்க நாள்களையே நாடுவர். அவை எளிதிற் கிடைப்பன. 1979 ஏப்பிரல் 13ஆம் நாள் கொழும்பிலே சுயாதீனத் தொலைக்காட்சி தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. 1982 பெப்ரவரி 15ஆம் நாள் யப்பானிய உதவியுடன் அமைந்த ரூபவாஹினி தொடங்கியது. பாக்குநீரிணைக்கு அப்பால், சென்னைத் தூரதர்ஷன் நிலையம் 1975 ஓகஸ்ற் 15ஆம் நாளிலிருந்து கறுப்பு வெள்ளையில் ஒளிபரப்பி வந்தது. 1982இல் இந்தியாவும் வண்ணத்துக்கு மாறியது. இவையெல்லாம் படத்தை அனுப்பியோரின் வரலாறு. படத்தைப் பெற்றோர், அதுவும் கடலாற் பிரிக்கப்பட்ட ஊர்களில் இருந்து பெற்றோர், தம் பெட்டிகளை எவ்வாறு பேணினர், அவை பழுதுற்றபோது யாரிடம் சென்றனர், எதை நம்பினர், எதற்கு அஞ்சினர் என்பன பற்றி நம்மிடம் எழுத்துச் சான்று மிகக் குறைவு. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகிய ஊர்களைப் பொறுத்தவரை, தொலைக்காட்சியின் வரலாறு பெரும்பாலும் திருத்துதலின் வரலாறே என்பது என் எண்ணம். அதன் ஒரு சிறு பகுதியை, பழைய குழாய்த் தொலைக்காட்சியின் திரையிலே காந்தத்தினால் ஏற்படும் நிறக்கறையை முன்வைத்து, இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

கறை என்று இங்கே சொல்லப்படுவது யாது? வண்ணத் தொலைக்காட்சியின் திரையில், ஒரு மூலையிலோ ஒரு பக்கத்திலோ, பச்சை அல்லது ஊதா நிறமாக ஒரு படலம் தோன்றும். செய்தி வாசிப்பவரின் முகம் திரையின் நடுவில் இயற்கை நிறத்திலும், ஓரத்துக்கு நகர்ந்தால் நோயாளியின் நிறத்திலும் தெரியும். அலைவரிசையை மாற்றினாலும் கறை மாறாது. அன்ரனாவைத் திருப்பினாலும் மாறாது. நிறத்தைக் கூட்டிக் குறைத்தாலும் அது இருந்த இடத்திலேயே இருக்கும். பெட்டியை அணைத்து அடுத்த நாள் இயக்கினாலும் சில வேளை அவ்வாறே நிற்கும். இதைக் கண்ட வீட்டார் படக்குழாய் முடிந்துவிட்டது என்று முடிவு செய்தமை வியப்புக்குரியதன்று. ஆனால் பெரும்பாலும் அக்குழாயிலே எந்தப் பொருளும் எரிந்துவிடவில்லை, உடைந்துவிடவுமில்லை.

இதனை விளங்கிக்கொள்ள வண்ணக்குழாயின் உள்ளமைப்பைச் சற்று நோக்குதல் வேண்டும். குழாயின் கழுத்துப் பகுதியிலே மூன்று இலத்திரன் துவக்குகள் உள்ளன. சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. ஏறத்தாழ 25,000 வோல்ற்று அழுத்தத்தினால் விரைவூட்டப்பட்ட இலத்திரன்கள் ஒளியின் வேகத்தில் மூன்றிலொரு பங்குக்குச் சற்றுக் குறைந்த வேகத்தில் திரையை நோக்கிப் பாய்கின்றன. திரையின் உட்புறத்தில் மூன்று நிறங்களில் ஒளிரும் பொருள்கள் நுண்ணிய புள்ளிகளாகவோ கோடுகளாகவோ பூசப்பட்டிருக்கும். அதற்குச் சற்று முன்னே, இலட்சக்கணக்கான துளைகள் கொண்ட மெல்லிய உருக்குத் தகடு ஒன்று நிற்கின்றது. மூன்று துவக்குகளும் மூன்று வேறு கோணங்களிலிருந்து சுடுவதால், ஒவ்வொரு துளையினூடாகவும் சிவப்புக் கற்றை சிவப்புப் புள்ளியை மட்டுமே காணும். ஏனைய இரண்டும் தகட்டின் நிழலில் மறைந்திருக்கும். கற்றையின் பெரும்பகுதியைத் தகடே விழுங்கிவிட, ஏறத்தாழ ஐந்திலொரு பங்குதான் திரையைச் சேர்கின்றது. விரயம் மிகுந்த ஏற்பாடுதான். ஆயினும் அரை நூற்றாண்டு காலம் உலகம் அதனூடாகவே வண்ணத்தைக் கண்டது.

இந்நிழல்தகட்டின் கருத்தை 1938இல் வேர்னர் பிளெக்சிக் என்ற ஜேர்மானியர் காப்புரிமையாகப் பதிந்தார். அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் 1950இல் அதனை இயங்கும் குழாயாகக் காட்டி, 1954இல் விற்பனைக்குக் கொணர்ந்தது. 1968இல் சோனி நிறுவனம் துளைத் தகட்டுக்குப் பதிலாக நெடுங்கம்பிகளை நிரைத்த டிரினிற்றரோன் குழாயை வெளியிட்டது. எந்த வடிவமாயினும் அதன் பொருள் இரும்பு சார்ந்ததே. பிணி அங்கேதான் பிறக்கின்றது. இரும்பு காந்தத்தை ஏற்கும், ஏற்றதை எளிதில் விடாது. ஒலிபெருக்கியின் காந்தம் ஒன்று திரையருகே சிறிது நேரம் நின்றால், அதற்கு நேரேயுள்ள தகட்டுப் பகுதி தானும் ஒரு மெலிந்த காந்தமாகிவிடும். அப்பகுதியைக் கடக்கும் இலத்திரன்கள் மயிரிழை விலகும். புள்ளிகளுக்கிடையே உள்ள தொலைவே ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவானதால் அம்மயிரிழை போதும்; சிவப்பைத் தொடவேண்டிய கற்றை பச்சையைத் தொட்டுவிடும். கறுப்பு வெள்ளைக் குழாயில் இத்தகடு இல்லை. அதனருகே காந்தத்தைக் கொண்டுசென்றால் படம் நெளியும், எடுத்தவுடன் நேராகிவிடும். கறுப்பு வெள்ளைப் பெட்டியிலே காந்தத்தைக் காட்டி விளையாடிப் பழகிய சிறுவர்கள், வீட்டுக்கு வண்ணப்பெட்டி வந்த அன்று அதே விளையாட்டைத் தொடர்ந்ததன் விளைவைப் பல குடும்பங்கள் அறியும்.

இக்கறையை நீக்கும் முறைக்கு ஆங்கிலவழி வந்த பெயர் டீகாஸ் என்பது. திருத்துநர்கள் வாயில் வழங்கும் இச்சொல்லுக்குள் ஒரு போரும் ஒரு கணித மேதையும் ஒளிந்திருக்கின்றனர். 1939ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஜேர்மானியர் பிரித்தானியக் கரையோரக் கடலில் ஒரு புதுவகைக் கண்ணிவெடியை இட்டனர். கப்பல் அதனை முட்டவேண்டியதில்லை. கப்பலின் இரும்புடல் புவியின் காந்தப்புலத்திலே ஏற்படுத்தும் சிறு மாறுதலை உணர்ந்தே அது வெடிக்கும். அவ்வாண்டு நொவெம்பர் மாதம் 23ஆம் நாள் ஷூபரினெஸ் என்னுமிடத்துச் சேற்றிலே அகப்பட்ட அத்தகைய வெடியொன்றைக் கடற்படையினர் கழற்றி ஆராய்ந்து அதன் மருமத்தை அறிந்தனர். பின்னர், கனேடியரான சாள்ஸ் குடீவ் முதலானோர் கப்பல்களைச் சுற்றி மின்கம்பிச் சுருள்களை ஓட்டி அவற்றின் காந்தத்தைத் தணிக்கும் வழியை வகுத்தனர். காந்தப்புலத்தின் அலகுக்குக் கௌஸ் என்னும் பெயர் இருந்தமையால் அச்செயல் அப்பெயரை ஏற்றது. மாபெரும் கப்பல்களைக் காக்கத் தோன்றிய சொல், பின்னர் வீட்டு மண்டபத்தின் மூலையிலே மேசைவிரிப்பால் மூடப்பட்டிருந்த பெட்டிக்கு வந்து சேர்ந்தது.

கார்ல் பிரீட்ரிச் கௌஸ் 1777 முதல் 1855 வரை வாழ்ந்த ஜேர்மானியக் கணித அறிஞர். 1830களில் அவரும் வில்ஹெல்ம் வேபரும் உலகின் பல நிலையங்களில் ஒரே வேளையில் புவிக்காந்தத்தை அளக்கும் முயற்சியை முன்னெடுத்தனர். அம்முயற்சி தூண்டிய காந்த ஆய்வலை நம் அயலையும் தொட்டது. சுவாதித் திருநாள் மன்னரின் ஆதரவில் 1837இல் திருவனந்தபுரத்தில் வானியல் நிலையம் அமைந்தது. ஜோன் கோல்டெகொற் அதன் முதல் இயக்குநர். 1841இல் அங்கே காந்த அளவீடுகள் தொடங்கின. 1850களில் அலன் புரூன் அப்பணியை விரிவுபடுத்தினார். திருவனந்தபுரத்துக்கு இதில் அமைந்த சிறப்பு அதன் இருப்பிடமே. புவியின் காந்த மத்தியகோடு அதனருகாற் செல்கின்றது. காந்த ஊசி எந்தப் பக்கமும் தலை தாழ்த்தாமல் முற்றிலும் கிடையாக நிற்கும் இடங்களை இணைக்கும் கோடே அது. 1963 நொவெம்பர் 21ஆம் நாள் தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ஆய்வு விண்கணை ஏவப்பட்டதும் அக்கோட்டின் அண்மை கருதியே.

திருவனந்தபுரத்திலிருந்து ஊர்காவற்றுறை ஏறத்தாழ 350 கிலோமீற்றர் தொலைவு. அக்கோடு காலந்தோறும் சற்று நகர்வது எனினும், தீவகம் தொலைக்காட்சியைக் கண்ட காலம் முழுவதும் அதற்கு அண்மையிலேயே இருந்து வந்துள்ளது. இங்கே காந்த ஊசி கிடையிலிருந்து சில பாகைகளே விலகும். பாரிசில் அது 60 பாகைக்கு மேல் நிலத்தை நோக்கிச் சாய்கின்றது. ரொறன்ரோவில் ஏறத்தாழ 70 பாகை. இவ்வேறுபாடு தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பொருளற்றதா? இல்லை என்பதே இக்கட்டுரையிற் சொல்ல வந்தவற்றுள் முதன்மையானது. இலத்திரன் கற்றையை விலக்குவதற்கு ஒலிபெருக்கியின் காந்தம்தான் வேண்டுமென்பதில்லை. புவியின் காந்தப்புலமே போதும். தடுப்பு ஏதுமில்லாவிடின், கழுத்திலிருந்து திரைவரை வரும் வழியிலேயே கற்றையை அது சில மில்லிமீற்றர் தள்ளிவிடும். இதனால் உற்பத்தியாளர்கள் குழாய்களை வடகோளத்துக்கு ஒருவிதமாகவும், தென்கோளத்துக்கு ஒருவிதமாகவும், மத்தியகோட்டுப் பகுதிக்கு ஒருவிதமாகவும் சரிசெய்து அனுப்புவது வழக்கமாயிற்று. ஐரோப்பிய வீட்டுக்கென அமைந்த பெட்டி, தன் ஊரின் காந்தச் சாய்வைத் தன்னுள்ளே சுமந்துகொண்டு வருகின்றது.

1970களின் தொடக்கத்திலிருந்து பரவிய குழாய்களில் மூன்று துவக்குகளும் ஒரே நிரையில் நின்றன. திரையில் நிறங்கள் மேலிருந்து கீழாகக் கோடுகளாய் அமைந்தன. இத்தகைய குழாயில் கற்றை மேலும் கீழும் சிறிது நகர்ந்தால் நிறம் கெடாது, ஏனெனில் அது அதே நிறக்கோட்டிலேயே விழும். இடம் வலமாக நகர்ந்தாலே கெடும். அவ்வாறு நகர்த்துவது புவிக்காந்தத்தின் செங்குத்துக் கூறு. தீவகத்தில் அக்கூறு மிகச் சிறிது. எனவே இவ்வகைக் குழாய்க்கு நம் தீவுகள் உலகிலேயே மிக இணக்கமான இடங்களுள் அடங்கும் எனலாம். பெட்டி கிழக்கோ மேற்கோ நோக்கியிருந்தால் கிடைப்புலம் கற்றையை மேலும் கீழுமாகவே தள்ளும். வடக்கோ தெற்கோ நோக்கியிருந்தால் புலம் குழாயின் நீளவாட்டில் அமைந்து படத்தைச் சற்றுத் திருகி மூலைகளைத் தொடும். கிழக்கு நோக்கி விளக்கேற்றும் நம் வழக்கத்துக்கும் இதற்கும் தொடர்பேதும் இல்லை. ஆனால் சுவாமியறையின் திசையிலேயே தொலைக்காட்சியையும் வைத்த வீடுகள் அறியாமலே நன்மை பெற்றன.

இனி, பெட்டிகள் தீவகத்துக்கு வந்த வழியைக் காண்போம். 1980களில் மத்தியகிழக்குக்கு உழைக்கச் சென்றோரும், 1983இன் பின்னர் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் புலம்பெயர்ந்தோரும் இத்தீவுகளிலே மிகப் பலர். ஒரு பெட்டி வீட்டுக்கு வந்ததென்றால் அதற்குப் பின்னே யாரோ ஒருவரின் சில ஆண்டு உழைப்பு நின்றது. அது பார்ப்பதற்கான கருவி மட்டுமன்று; பிள்ளை பிழைத்துக்கொண்டான் என்பதற்கு ஊரார் காணும் சான்றும் அதுவே. வந்த பெட்டிகளுள் சில வந்த நாளிலேயே ஏமாற்றம் தந்தன. பிரான்சிலிருந்து வந்தவை அந்நாட்டுச் செக்காம் முறைக்கும், கனடாவிலிருந்து வந்தவை என்.ரி.எஸ்.சி. முறைக்கும் அமைந்தவை, இலங்கையும் இந்தியாவும் பின்பற்றியது பால் முறை. எனவே பல முறைகளையும் ஏற்கும் பெட்டிகளே விரும்பி வாங்கப்பட்டன. முறை பொருந்தாமையால் முழுத்திரையும் நிறமிழப்பது ஒன்று. காந்தத்தால் ஒரு பகுதி மட்டும் நிறம் பிறழ்வது வேறொன்று. இரண்டையும் வேறுபடுத்தி அறியாத இடங்களில் நல்ல பெட்டிகள் பழியேற்றன.

வடக்கிலே பலர் கொழும்பைக் காட்டிலும் தமிழகத்தையே நோக்கித் தம் அன்ரனாக்களைத் திருப்பினர். சென்னை ஏறத்தாழ 375 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. நேர்கோட்டிற் செல்லும் இவ்வலைகள் அத்தொலைவுக்கு எட்டா. எனினும் கடற்பரப்பின் மேல் வெப்பமும் ஈரமும் அடுக்கடுக்காய் அமையும் வேளைகளில் அலைகள் வளைந்து நெடுந்தூரம் செல்வதுண்டு. 1980களின் பிற்பாதியில் கொடைக்கானல் மலையில் ஆற்றல்மிக்க ஒளிபரப்பி அமைந்தபின் வரவேற்பு மேம்பட்டது. அதற்காக உயர்ந்த குழாய்க் கம்பங்கள் வீடுகளின் மேல் எழுந்தன. வடகீழ்ப் பருவக்காற்றுக்கு முந்திய இடிமழைக் காலத்தில் அவை ஆபத்தாகவும் அமைந்தன. மின்னல் நேரே தாக்கினால் பெட்டி எரிந்தே போகும்; அருகில் விழும் மின்னலின் பெருமின்னோட்டம் சில வேளை நிழல்தகட்டைக் காந்தமேற்றிக் கறையை மட்டும் விட்டுச் செல்லும். அக்கறையைக் கண்டு குழாய் போய்விட்டதென நினைப்பது இயல்பே.

1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் தீவகத்து மக்களில் மிகப் பலர் ஊர்களை விட்டு வெளியேறினர். பலர் நெடுங்காலம் கழித்தே திரும்பினர், பலர் திரும்பவேயில்லை. உலர் மின்கலமும் எரிபொருளும் தடைப்பட்டிருந்த அக்காலத்தில், துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்திக் கையாற் சுழற்றித் தைனமோவினால் வானொலி கேட்டதை நம் பெற்றோர் இன்றும் கூறுவர். கறுப்பு வெள்ளைச் சிறுபெட்டிகள் வாகனப் பற்றறியில் இயங்கின. வண்ணப்பெட்டிக்கு மின்பிறப்பாக்கி வேண்டியிருந்தது. தொலைக்காட்சி, டெக் எனப்பட்ட வீடியோக் கருவி, பிறப்பாக்கி ஆகிய மூன்றையும் வாடகைக்கு எடுத்து, முற்றத்திலே விடிய விடியப் படம் போடும் வழக்கம் 1980களிலேயே வேரூன்றிவிட்டிருந்தது. முற்றம் நிறைந்த கூட்டத்துக்கு ஒலி கேட்கவேண்டுமென்று பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளைத் திரையின் இருபுறமும் ஒட்டி வைப்பர். தொலைக்காட்சிக்குள் இருக்கும் ஒலிபெருக்கி காந்தக் கசிவு குறைய அமைக்கப்பட்டது. பாட்டுப்பெட்டியின் ஒலிபெருக்கி அவ்வாறன்று. முதற்படம் முடியுமுன் திரையின் இரு ஓரங்களிலும் நிறம் திரியும். அடுத்த நாள் வாடகைக்காரர் பெட்டியை மீளப் பெறும்போது வழக்கு எழும்.

இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. பழைய வண்ணப்பெட்டிகளிலே 1960களிலிருந்து கறைநீக்கம் தானாகவே நிகழும்படி அமைக்கப்பட்டு வந்தது. குழாயின் விளிம்பைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கும். அதனுடன் வெப்பம் ஏற ஏறத் தடை கூடும் ஒரு தடையி தொடுக்கப்பட்டிருக்கும். குளிர்ந்த நிலையில் பெட்டியை இயக்கியவுடன் சில அம்பியர் ஆடலோட்டம் சுருளிற் பாயும். ‘பூம்’ என்று எழும் முழக்கம் அதுவே. ஓரிரு நொடியில் தடையி சூடேறி ஓட்டத்தை ஏறத்தாழ இல்லாமல் ஆக்கிவிடும். இதிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன. ஒன்று, மின்தடை ஏற்பட்டுச் சில நொடியில் மின்சாரம் மீண்டால் சுருள் வேலை செய்யாது. தடையி ஆறுவதற்கு இருபது முப்பது நிமிடமாவது வேண்டும். கறையைக் கண்டு பதறிப் பெட்டியை உடனுக்குடன் அணைத்து அணைத்து இயக்கியவர்கள் பயனேதும் காணாமைக்கு இதுவே காரணம். மற்றது, சிறிய பிறப்பாக்கி அம்முதல் நொடியின் பெருஞ்சுமையில் திணறும். அதனாற் சிலர் சுருளின் இணைப்பையே கழற்றிவிடுவதுண்டு. படம் நன்றாகவே தெரியும். ஆனால் மாதங்கள் செல்லச் செல்லத் தகட்டிலே காந்தம் சேரும். பற்றறியிலும் இயங்கவல்ல வண்ணச் சிறுபெட்டிகள் பலவற்றில் இச்சுருள் ஆடலோட்ட மின்சாரத்தில் மட்டுமே இயங்கியது. மின்சாரம் தட்டுப்பட்ட சமூகம் பெட்டியின் தற்காப்பையும் இழந்தது என்பது இதன் பொருள்.

உள்ளமைந்த சுருள் பயன்படாதபோது புறச்சுருள் வேண்டும். பலநூறு சுற்றுக் கம்பியை வளையமாகச் சுற்றி நாடாவினால் இறுகக் கட்டி, நடுவே ஓர் அழுத்தாளி பொருத்தி, வீட்டு மின்சாரத்திலே நேரே தொடுப்பது அது. திருத்துநர் அதனைத் திரைக்கு எதிரே பிடித்து, ஓரத்திலிருந்து நடுவரை மெல்ல வட்டமிடுவார். திரையில் நிறங்கள் மயில்தோகைபோற் சுழலும். பின்னர், சுருளை அணைக்காமலே, ஓரடி ஓரடியாகப் பின்வாங்குவார். இரண்டு மீற்றர் தொலைவு சென்றபின் சுருளைத் திரைக்குப் பக்கவாட்டாகத் திருப்பி அதன் பிறகே அழுத்தாளியை விடுவார். கலை முழுவதும் அப்பின்வாங்கலில்தான் உள்ளது. நொடிக்கு ஐம்பது முறை திசைமாறும் புலம் இரும்பை இப்பாலும் அப்பாலும் அசைக்கின்றது. புலம் சிறுகச் சிறுக மெலிய, ஒவ்வோர் அசைவும் முன்னையதிலும் சிறிதாகி, ஈற்றில் இரும்பு எப்பக்கமும் சாராது அமைகின்றது. திரையருகிலேயே சுருளை அணைத்துவிட்டால், அக்கணத்து ஓட்டம் எத்திசையில் இருந்ததோ அத்திசைக் காந்தம் தகட்டிலே பதிந்து, முன்னிருந்த கறையிலும் பெரிய கறை தோன்றும். கைச்சுருள் இல்லாதோர் மாற்றியமைப்புச் சுருள் கொண்ட ஈயப்பற்று துவக்கையும், ஆடலோட்டத்தில் இயங்கும் துளைகருவியின் மோட்டரையும் பயன்படுத்தியுள்ளனர். மெலிந்த கறைக்கு அவை போதும். நிலைக்காந்தம் ஒன்றைக் கையிலெடுத்துத் தடவிச் சரிசெய்யலாம் என்று முயன்றவர்கள் கறையை இடம் மாற்றியதே மிச்சம்.

வேலணைப் பகுதியிலே 1980களிலிருந்து இத்தொழிலைச் செய்துவந்த முதியவர் ஒருவரிடம் இதுபற்றி உசாவினேன். ஊரார் அவரை மாஸ்ரர் என்றே அழைப்பர். பள்ளியிற் படிப்பித்தவர் அல்லர். “ரியூப் போட்டுதெண்டு முகம் வாடி வருவினம், தம்பி. நான் முதல்ல கேக்கிறது, வீட்டில சின்னப்பிள்ளை ஆர் இருக்கினம், ஸ்பீக்கர் எங்கை வைச்சிருக்கிறியள் எண்டுதான். ரியூபுக்கு ஒண்டும் இராது. சுருளைக் காட்டி எடுத்தா நிறம் திரும்பி வந்திடும். அதுக்குக் காசு கேக்க எனக்கே வெக்கமாயிருக்கும்” என்றார். அவருடைய வெட்கம் எல்லாருக்கும் பொதுவாக இருந்ததில்லை. படக்குழாயே பெட்டியின் மிக விலையுயர்ந்த உறுப்பு. ‘குழாய் முடிந்தது’ என்று ஒரு சொல் சொல்லிவிட்டால், நல்ல பெட்டியைக் கழிவு விலைக்கு வாங்கி, மாலையிற் சுருளைக் காட்டி, மறுநாள் வேறொருவருக்கு விற்கலாம். காந்தத்தைப் பற்றிய ஒரு பக்க அறிவு இருந்திருப்பின் காப்பாற்றப்பட்டிருக்கக்கூடிய பணம் அது. பாடசாலையில் காந்தவியலைச் சூத்திரங்களாக மனனஞ் செய்த நாம், வீட்டிலிருந்த காந்தவியலைக் கண்டுகொள்ளவில்லை.

நயினாதீவிலோ நெடுந்தீவிலோ உள்ளவர்க்கு இச்சொல்லின் விலை இன்னும் அதிகம். திருத்தவேண்டுமெனில் பெட்டியைத் துறைக்குக் கொணர்ந்து, படகேற்றி, குறிகட்டுவானில் இறக்கி, அங்கிருந்து பேருந்திலே புங்குடுதீவையும் வேலணையையும் கடந்து பண்ணைத் தாம்போதி வழியாக யாழ்ப்பாணம் சேரவேண்டும். பெரிய பெட்டியை இருவர் சுமக்க வேண்டியிருக்கும்; முன்புறக் கண்ணாடியே அதன் எடையின் பெரும்பகுதி. வழியிலே விழுந்தால், அல்லது படகுமேடையிற் பலமாக மோதினால், நிழல்தகடு தன் சட்டத்திலிருந்து நெளிந்துவிடலாம். அவ்வாறு நெளிந்த தகடு தரும் நிறக்கறை பார்வைக்குக் காந்தக் கறையைப் போன்றே இருக்கும். எந்தச் சுருளாலும் அது தீராது. வெறுங் காந்தக் கறையோடு புறப்பட்ட பெட்டி, தீராக் கறையோடு நகரைச் சென்றடைவதும் நிகழக்கூடியதே. ஆகவே திருத்துநர் சுருளைத் தூக்கிக்கொண்டு படகேறுவது பெட்டி படகேறுவதிலும் பன்மடங்கு அறிவுடைய ஏற்பாடு. சுருள் ஒரு கைப்பையில் அடங்கும். பெட்டியின் பின்மூடியைக் கழற்றவேண்டிய தேவையுமில்லை. மூடியைக் கழற்றினால் அணைத்த பின்னும் குழாயிலே தங்கியிருக்கும் உயர் மின்னழுத்தம் ஆளைத் தூக்கியெறியவல்லது.

காந்தநீக்கம் என்ற பெயரே சற்றுத் தவறான எண்ணத்தைத் தருவது. சுருள் இரும்பை முற்றிலும் காந்தமற்றதாக ஆக்குவதில்லை. புவியின் புலம் சூழ்ந்திருக்கும்போதே இச்செயல் நடைபெறுவதால், இரும்பின் பழைய பதிவுகள் அழிந்து, அவ்விடத்துப் புலத்துக்கேற்ற புதிய பதிவு ஒன்று அமைகின்றது. குழாயின் உள்ளே பொருத்தப்பட்டுள்ள உருக்குக் கவசம் இவ்வாறு அவ்விடத்துப் புலத்துக்கு எதிராகத் தன்னை ஒழுங்குபடுத்திக்கொண்டு, கற்றையின் வழியிலிருந்து அப்புலத்தைப் பெரிதும் விலக்கி வைக்கின்றது. இதனாலேதான் பெட்டியை ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு மாற்றித் திசை திருப்பினாலும் மீண்டும் ஒருமுறை நீக்கம் செய்யவேண்டியிருக்கின்றது. பாரிசின் சாய்வோடு வந்த பெட்டி புங்குடுதீவின் கிடைப்புலத்தை ஏற்றுக்கொள்வதும் இவ்வாறே. அதன் பின்னும் ஓரங்களிற் சிறிது நிறப்பிழை எஞ்சினால், குழாயின் கழுத்திலுள்ள சிறு காந்த வளையங்களை அசைத்துச் சரிசெய்வர். அது பழகிய கைக்கே உரிய வேலை.

நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் நாட்டின் பொது மின்வலையுடன் இணைக்கப்படாமல் டீசல் பிறப்பாக்கிகளையே நெடுங்காலம் நம்பியிருந்தன. அம்மூன்று தீவுகளுக்கும் சூரியவொளியாலும் காற்றாலும் மின்சாரம் தரும் திட்டம் முதலிற் சீன நிறுவனமொன்றுக்கு என அறிவிக்கப்பட்டு, இந்தியாவின் எதிர்ப்பினாற் கைமாறி, 2024 மார்ச் மாதத்தில் இந்திய நன்கொடையுடன் ஒப்பந்தமாயிற்று. இரு பேரரசுகள் இத்தீவுகளின் மின்சாரம் பற்றி வழக்காடிய வேளையில், அதனை எதிர்பார்த்திருந்த வண்ணக்குழாய்கள் பெரும்பாலும் வீடுகளை விட்டு நீங்கிவிட்டன. தட்டைத் திரைக்கு நிழல்தகடு இல்லை. காந்தம் அதனை ஒன்றும் செய்வதில்லை. ஈயங்கலந்த கண்ணாடியைக் கொண்ட பழைய குழாய்களை எங்கே போடுவதென்ற கேள்விக்கு நிலத்தடி நீரை நம்பிவாழும் தீவுகளில் நல்ல விடை இன்னும் இல்லை. மாஸ்ரரின் சுருள் மட்டும் அவர் வீட்டுச் சுவரிலே ஆணியில் தொங்குகின்றது. பழைய இரும்பு வாங்குவோர் செம்புக் கம்பிக்காக அதனை இருமுறை விலைபேசிச் சென்றுள்ளனர்.